தண்ணீருக்குள் இருந்த கிணறு

“தண்ணிக்கு அடியில போறதுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டா? இதுவரைக்கும் அடியில போனவங்கெல்லாம் சர்ட்டிபிகேட் வாங்கீட்டா போனாங்க, அம்மிணி?”

என் தாய்மாமன் இப்படிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் எதையாவது சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். அன்று யாரும் சிரிக்கவில்லை. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார்.

“போறதுக்கு இல்லீங்க மாமா. திரும்பி வாரதுக்கு,” என்றேன். “அதுவும் நான் வாரதுக்கு இல்ல. மத்தவங்களக் கூட்டீட்டு வாரதுக்கு.”

“அப்படீன்னா போகாம ஊட்டுலயே இருந்துக்கலாமல்ல?” என்று கேட்டுவிட்டு அவர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் ஒரு வேலை இருக்கும்போதே நான் கேட்டு வாங்கியது அந்த வேலையைத்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். அடக்கமாகச் சொன்னால் பொய்யாகிவிடும். அப்பா கிணறு வெட்டுகிறவர். சேலத்திலிருந்து ஓமலூர் போகும் வழியில் எங்கள் பங்குக் கோயிலைச் சுற்றியிருக்கும் காடுதோட்டங்களில் பாதிக் கிணறுகள் அவரும் அவர் கூட்டாளிகளும் பாறைக்கு வெடிவைத்துத் தோண்டியவை. அம்மா கல் கூடை சுமந்தாள். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் என்னைச் சேர்த்த அன்று அப்பா கட்டைவிரலை மையில் அழுத்தினார். நான் பத்தாவது தாண்டி, பதினொன்றாவது முடித்து, சென்னையில் ஓராண்டு உடற்பயிற்சி ஆசிரியைப் பயிற்சி பெற்று, அஸ்தம்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சராகச் சேர்ந்தேன். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் போய்விட்டது. எல்லோருக்கும் நான் ‘டீச்சர்’.

நீச்சல் எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கிணறு வெட்டுகிறவர் பிள்ளைகளுக்கு அது நடப்பது மாதிரி. வெட்டி முடித்த கிணற்றில் ஊற்று வந்த பிறகு அடியில் மறந்துபோன கடப்பாரையையோ சம்மட்டியையோ எடுக்க அப்பா என்னைத்தான் இறக்குவார். மற்ற நாட்களில் பிள்ளைகள் எல்லோரும் அடியில் போய் உட்கார்ந்துகொள்ள, மேலே ஒருவர் எண்ணுவார். மூச்சை அடக்கி யார் அதிகநேரம் இருப்பது என்பதுதான் விளையாட்டு. நூற்றிருபது வரை இருந்திருக்கிறேன். மேலே எண்ணுகிறவர்களின் குரல் நடுங்கத் தொடங்கிய பிறகுதான் எழுந்து வருவேன். அந்த நடுக்கத்தைக் கேட்பதற்காகவே இருப்பேன் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பெருமைதான் பிறகு என் காலை வாரப் பார்த்தது.

மேட்டூர் அணையின் மதகுகளை அடியில் போய்ப் பார்ப்பதற்கு ஒரு குழு வந்திருந்தது. முதுகில் காற்று அடைத்த சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு குழாயைக் கவ்விக்கொண்டு, மீனைப்போல நீருக்குள் போய் வருகிறார்கள் என்று செய்தி பரவியது. மதகு வேலை முடிந்ததும், தண்ணீரில் அகப்பட்டவர்களைத் தேடி எடுக்க உள்ளூரிலேயே ஆட்களைப் பழக்கலாம் என்றும், அப்படிப் பழக்குவதற்கு முதலில் சில பயிற்சியாளர்களை உருவாக்கலாம் என்றும் முடிவானது. அதில் பெண் ஒருத்தியும் வேண்டும் என்று பள்ளிகளுக்குக் கடிதம் வந்தது. தலைமை ஆசிரியை அதை எல்லா ஆசிரியைகளுக்கும் சுற்றுக்கு விட்டார். கடிதம் திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு கையெழுத்துதான் இருந்தது.

பொங்கல் கழிந்த பிறகு சனி, ஞாயிறுகளில் பயிற்சி. முதல் பேருந்தில் மேட்டூர் போய்விடுவேன். சேலையைக் கட்டிக்கொண்டு நீருக்கடியில் இறங்க முடியாது. காக்கித் துணி வாங்கிக்கொண்டு தையற்காரரிடம் போய்க் கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் கேட்டேன்.

“அளவு சட்டை கொண்டாந்தீங்களா டீச்சர்? தம்பிக்குங்களா?”

“எனக்கு.”

அவர் அளவுநாடாவை மேசைமேல் வைத்துவிட்டு, தன் மனைவியைக் கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னார். தைத்த துணியைக் கொடுக்கும்போது காகிதத்தில் சுற்றி, அதற்கு மேல் இன்னொரு காகிதத்தையும் சுற்றிக் கொடுத்தார்.

பயிற்சியாளராக ஆகப் போகிறவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் ஆண்கள். அணையில் வேலை பார்ப்பவர்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சிக்காரர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கப்பற்படையில் இருந்து வந்தவர், எங்களைவிட அதிக வயது மூத்தவரில்லை. பாராட்டும் கிடையாது, திட்டும் கிடையாது. ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். படகில் கயிறு பிடிக்க நாமக்கல் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் ஆளை அனுப்பியிருந்தார்கள். கிணற்றில் விழுந்தவர்களை முங்கி எடுப்பதில் அவர் பெயர்போனவர். உயிரோடு எடுத்தது கொஞ்சம், மற்றபடி எடுத்தது அதிகம் என்று அவரே சொல்வார்.

முதல் நாள் பயிற்சிக்காரர் ஒரே ஒரு விதியைச் சொன்னார். “சிலிண்டரோட அடியில இருக்கும்போது மூச்ச அடக்கப்பிடாது. அடியில நீங்க இழுக்குற காத்து அமுங்கின காத்து. மேல வரவர அது விரியும். வாய மூடிக்கிட்டு ஏறுனீகன்னா நெஞ்சுக்குள்ள விரிஞ்சு கிழிச்சிப்போடும். விட்டுக்கிட்டே வரணும். உங்க குமிழியவிட வேகமாவும் வரப்பிடாது. நான் படகுல இருந்து குமிழியத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் நான் இருபது வருடமாக வேறொன்றைப் பழகியிருந்தேன். தண்ணீர் முகத்தில் பட்டதும் என் தொண்டை தானாக மூடிக்கொள்ளும். வாயில் காற்றுக்குழாய் இருக்கும்போதே மூச்சை அடக்கிவிடுவேன். நிறுத்த வேண்டும் என்று நினைத்த பிறகுதான் அடக்கியிருப்பதே தெரியும். இரண்டாவது வாரம் நாலு ஆள் ஆழத்திலிருந்து அப்படியே ஏறி வந்துவிட்டேன். படகைப் பிடித்தபோது மூக்கிலிருந்து ரத்தம் காக்கிச் சட்டையில் சொட்டியது. நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல இருந்தது.

பயிற்சிக்காரர் என் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு நோட்டை எடுத்தார்.

“குமிழி எத்தன நேரம் நின்னிச்சு தெரியுமா டீச்சர்? உங்களுக்கு நேரம் நல்லாருந்திச்சு. ஒருத்தருக்கு ரெண்டு தடவ நேரம் நல்லாருக்காது. இன்னொரு வாட்டி குமிழி நின்னிச்சின்னா பேர அடிச்சிருவேன். தன் மூச்சயே விடத் தெரியாதவக அடுத்தவக மூச்சுக்கு எப்படிப் பொறுப்பாவீக?”

தீயணைப்புக்காரர் கயிற்றைச் சுற்றியபடி, “மூச்சடக்கறதுதானுங்க நம்ம பக்கத்துப் பொழப்பே. அதப் போயித் தப்புங்கறீங்களே,” என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. பள்ளியிலும் பயிற்சியிலும் அதுவரை என் பெயரை யாரும் எந்தப் பட்டியலிலிருந்தும் அடித்ததில்லை.

எங்களைப் பழக்கிய இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அணை கட்டியபோது முழுகிப்போன ஊர்கள் பல. தண்ணீர் இறங்கினால் தலைகாட்டும் கோபுரங்களைப் பார்க்க ஜனங்கள் பரிசலில் போவதுண்டு. நாங்கள் இறங்கியது அப்படி யாரும் பார்க்க வராத இடம். எந்தக் காலத்திலும் வெளியே தெரியாத ஒரு சிற்றூர். பெயர் கேட்டேன். படகுக்காரர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

இறங்கும்போது முதலில் பச்சை வெளிச்சம். பிறகு தேநீர் நிறம். அதற்கும் கீழே, கையை நீட்டினால் விரல் தெரியாது. அங்கே தொட்டுத்தான் பார்க்க வேண்டும். கிளை இல்லாத புளியமரம் ஒன்று இன்னும் நின்றுகொண்டிருந்தது. வீடு இல்லை, ஆனால் ஒரு கல் நிலைப்படி மட்டும் இருந்தது. அதைச் சுற்றிப் போவதற்கு நாலு பக்கமும் இடம் இருந்தும் நாங்கள் ஒவ்வொருவரும் அதற்குள் நுழைந்துதான் போனோம். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஒரு குட்டிச்சுவரின் மாடக்குழிக்குள் கையை விட்டேன். விளக்கு வைக்கிற இடத்தில் குளிர்ந்து வழவழப்பாக ஏதோ இருந்தது. கெளுத்தி மீன். அது ஓடவில்லை. என் விரலுக்குக் கீழே ஒருமுறை மூச்சு விட்டது, அவ்வளவுதான்.

அடியில் வேறு சத்தமே கிடையாது. காற்றுக்குழாயில் இழுக்கும்போது ஒரு சீறல், விடும்போது குமிழிகளின் கொப்பளிப்பு. அது காதுக்குப் பின்னாலிருந்து கேட்கும். யாரோ நம் தோளை ஒட்டி நின்று மூச்சு விடுவதுபோலவே இருக்கும். நாம் நிறுத்தினால் அதுவும் நிற்கும். நான் நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை பயிற்சிக்காரரிடம் சொல்லவில்லை.

மேலே இருப்பவர்களோடு பேசக் கயிறுதான். இடுப்பில் கட்டியிருக்கும். படகிலிருந்து ஒரு இழுப்பு வந்தால் ‘நலமா’ என்று கேட்கிறார்கள். ஒரு இழுப்பு இழுத்து ‘நலம்’ என்று சொல்ல வேண்டும். மூன்று என்றால் மேலே வா. ஒரு சனிக்கிழமை அந்த நிலைப்படிக்குப் பக்கத்தில் இருந்தபோது கயிறு ஒருமுறை இழுபட்டது. பதில் இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும். பதில் இழுத்தேன். மறுபடியும். இப்படிப் பத்துத் தடவைக்கு மேல். எரிச்சலோடு மேலே வந்து, வாயிலிருந்து குழாயை எடுத்ததும் தீயணைப்புக்காரரிடம் கேட்டேன்.

“எத்தன வாட்டி கேப்பீங்க? ஒரு தடவ சொன்னாப் போதாதா?”

அவர் விழித்தார். “நானுங்களா? ஏனுங்க டீச்சர், நீங்கதானுங்களே இழுத்துட்டே இருந்தீங்க! பொம்பளப்புள்ளைக்குப் பயம் போலிருக்குதுன்னு நானும் பதில் குடுத்துட்டே இருந்தேன்.”

படகில் எல்லோரும் கயிற்றைப் பார்த்தார்கள். பயிற்சிக்காரர், “மரத்துல உரசியிருக்கும்,” என்று நோட்டைத் திறந்தார். ஆனால் எழுதவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்கு மட்டும் என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். கோழிகளை அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கிணறு வெட்டுகிறவர்கள் நாள்பட்ட கிணற்றில் இறங்குவதற்கு முன் லாந்தரைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்குவார்கள். விளக்கு அணைந்தால் அன்று யாரும் இறங்கமாட்டார்கள். அடியில் விஷக்காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

“எறங்கறதுக்கு முன்னால விளக்கு எறக்கிப் பாக்கறாங்களா சாமி?”

“தண்ணிக்குள்ள விளக்கு எரியாதுங்கப்பா.”

“ஆமா, எரியாது.” கொஞ்சம் யோசித்தார். “அப்ப மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும், கீழ இருக்கறவங்க நல்லா இருக்கறாங்கன்னு?”

“நாங்க விடற குமிழி மேல வரும். அது வந்தா இருக்கறோம்.”

“நின்னு போனா?”

நான் நனைந்த காக்கிச் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டேன். அவர் அதில் கழுவியும் போகாத கறையைப் பார்த்துவிட்டு, “நீ நிறுத்தாத சாமி,” என்றார். எழுந்து போய்விட்டார்.

நிறுத்தாதே என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படி நிறுத்தாமல் இருப்பது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. ஊதிக்கொண்டே வரலாம் என்று பார்த்தேன். ஊதுகிறோம் என்ற நினைவு போனதும் தொண்டை மூடிக்கொண்டது. எண்ணிக்கொண்டே வரலாம் என்று பார்த்தேன். எண்ணுவது எனக்கு மூச்சடக்குவதோடு சேர்ந்த பழக்கம், அது இன்னும் மோசமாகப் போனது.

திங்கட்கிழமை மாலை பள்ளியில் விளையாட்டு நேரம். எட்டாம் வகுப்புப் பெண்களுக்குச் சடுகுடு கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெண் பிள்ளைகள் மேலே விழுந்து புரளுகிற ஆட்டம் என்று சிலர் முகம் சுளித்தார்கள், நான் விடவில்லை. ஒல்லியான ஒரு பெண் கோட்டைத் தாண்டிப் பாடிக்கொண்டு போனாள். சடுகுடு சடுகுடு சடுகுடு. நாலு பேர் அவளைப் பிடித்து அமுக்கினார்கள். மண்ணில் முகம் பதிய, மேலே நாலு பேர் கிடக்க, அவள் குரல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கையை எட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டாள்.

“டீச்சர், அவ நடுவுல மூச்சு வாங்கீட்டா!” என்று எதிர்க்கட்சி கத்தியது.

“வாங்கலீங்க டீச்சர். விட்டுட்டேதான் வந்தேன்.”

நான் விசிலை ஊத மறந்து நின்றுகொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தில் நானும் சின்ன வயதில் மோசமில்லை. நெஞ்சில் உள்ள காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே கோட்டுக்குத் திரும்புவது என் உடம்புக்குத் தெரியும். தண்ணீரில் அதை யாரும் ஆடியதில்லை, அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை மேலே வரும்போது குழாயைக் கவ்வியபடியே தொண்டைக்குள் பாடினேன். வார்த்தை வரவில்லை; ஒரு முனகல்தான் வந்தது. ஆனால் குமிழி வந்தது. தண்ணீர்ப் பரப்பு தலையில் இடிக்கும்வரை வந்தது. பயிற்சிக்காரர் நோட்டிலிருந்து நிமிர்ந்து, “என்ன டீச்சர், குமிழி குதிச்சிக் குதிச்சி வருது?” என்றார். படகில் கயிறு பிடித்திருந்த தீயணைப்புக்காரர், “அடியில இருந்து ஏதோ பொலம்பற சத்தம் வந்துதுங்க. ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு,” என்றார்.

சித்திரையில் தேர்வு. ஒவ்வொருவரும் ஒரு புது ஆளைக் கீழே கூட்டிப்போய், ஊரின் தெருவழியாக நடத்தி, பத்திரமாக மேலே கொண்டுவர வேண்டும். இடுப்பில் கயிறும் கிடையாது; இருவர் குமிழியில் எது நின்றாலும் பொறுப்பு எங்களுடையது. இதில் தேறுகிறவர்கள் கடலுக்குப் போய் மூன்று வாரம் புது ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துக் காட்டினால் சான்றிதழ். தேறாதவர்கள் வீட்டுக்கு. எனக்குக் கொடுத்த புது ஆள் தீயணைப்புக்காரர். அவரை எண்ணித்தான் எனக்குப் பயம். நாமக்கல் தாலுகாவில் அவரைவிட அதிகநேரம் மூச்சடக்குகிறவர் கிடையாது.

இறங்குவதற்கு முன் அவரிடம், “பயந்தா மேல பாக்காதீங்க, என்னப் பாருங்க. எது ஆனாலும் மூச்ச மட்டும் உட்டுட்டே இருங்க,” என்றேன்.

“ஆமாங்க டீச்சர், ஆமாங்க. எத்தன கிணறு பாத்திருக்கறேன்.”

தெருவரை நன்றாகத்தான் வந்தார். என் ஒரு கை அவர் முழங்கையில் இருந்தது. குட்டிச்சுவர் வந்ததும் அவர் அதைத் தடவினார். கிணற்றில் முங்கிப் பழகியவர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம் அது. இருட்டில் சுவரைக் கண்டுபிடித்து, சுவரை ஒட்டியே போனால் படி வரும், படி வந்தால் மேலே வரலாம். அவர் சுவரோடு வேகமாகப் போனார். என் கை நழுவியது. காலில் மாட்டிய துடுப்பை இரண்டு முறை அடிக்கிற தூரம் அவர் பின்னால் போயிருப்பேன். தரை இல்லாமல் போய்விட்டது.

கீழேயிருந்து குளிர் முகத்தில் அடித்தது. அது அந்த ஊரின் கிணறு. நாங்கள் அதுவரை பார்த்திராத கிணறு. அணை நீர் அதன் வாயை மூடி அதற்கு மேல் ஒரு பனை உயரத்துக்கு நின்றும், உள்ளே இருந்த தண்ணீர் தனியாகக் குளிர்ந்து கிடந்தது. பாறையைத் தொட்டேன். வெடிமருந்து வைக்கத் துளை போட்ட பாதித் தடம் என் விரலுக்குக் கிடைத்தது. எங்கள் அப்பா போடுகிற மாதிரியே. தீயணைப்புக்காரர் அதற்குள் கீழே போய்விட்டிருந்தார். அவருடைய குமிழிகள் என் வயிற்றில் மோதி மேலே போயின. நானும் தலைகீழாக இறங்கினேன்.

அவர் கால் கிடைத்தது. பிடித்ததும் அவர் உதறினார். திமிறியதில் அவர் வாயிலிருந்த குழாய் போய்விட்டது. தொடும்போது தெரிந்தது, அவர் உதடு இறுகிக் கிடந்தது. குமிழி நின்றுவிட்டது. என் குழாயை அவர் வாயில் வைக்கப் பார்த்தேன். பல்லைத் திறக்கவில்லை. அவர் உடம்பு கிணற்றுக்குள் இருக்கிறோம் என்று நம்பிவிட்டது. கிணற்றில் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தது. இரண்டு கையாலும் சுவரைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, படிக்காகக் காத்திருந்தார்.

என் குழாயை மறுபடி கவ்விக்கொண்டு, அவர் இடுப்பு வாரைப் பிடித்துச் சுவரிலிருந்து பிய்த்தேன். மேலே ஏறத் தொடங்கினோம். அந்த நெஞ்சுக்குள் காற்று விரிந்துகொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. விலாவுக்குக் கீழே கைமுட்டியால் ஒரு குத்துக் குத்தினேன். ஒரு குமிழி வந்தது. மறுபடி மூடிக்கொண்டார். இருட்டில் அவருக்குச் சொல்ல ஒரு வழியும் இல்லை. அவருடைய வலது கையை எடுத்து என் தொண்டைமேல் வைத்து அழுத்திக்கொண்டேன். பாடினேன்.

சடுகுடு சடுகுடு சடுகுடு.

அந்நிய ஆண்பிள்ளை கை என் கழுத்தில். அம்மா பார்த்திருந்தால் அங்கேயே செத்திருப்பாள். அந்தக் கை முதலில் கட்டைபோல இருந்தது. பிறகு விரல்கள் அசைந்தன, என்ன இது என்று பார்ப்பதுபோல. கொப்பளிப்புச் சத்தம் இரண்டாகியது. அவர் விடுகிறார். இருட்டு தேநீர் நிறமானபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. வாயோரத்தில் குமிழிகள் சிறுசிறு கோர்வையாக ஓடிக்கொண்டிருந்தன. பச்சை வந்தது. கை அப்போதும் கழுத்தை விடவில்லை. பரப்பை உடைத்து வெளியே வந்த பிறகுதான் சட்டென்று எடுத்துக்கொண்டார், தீயைத் தொட்டவர் மாதிரி.

படகில் ஏற்றினார்கள். அவரைக் குப்புறப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். ரத்தம் இல்லை. இருமிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பயிற்சிக்காரர் நோட்டோடு என் எதிரே நின்றார்.

“குமிழி ஒண்ணு நடுவுல நின்னிச்சு. யாரோடது?”

யாருடையது என்று சொன்னாலும் பொறுப்பு என்னுடையது. நான் வாயைத் திறப்பதற்குள், “என்னுதுங்க,” என்றார் தீயணைப்புக்காரர். “டீச்சர் நிறுத்தவே இல்லீங்க. பேசீட்டே வந்தாங்கோ.”

“தண்ணிக்கடியிலயா?”

“ஆமாங்க.”

“என்ன பேசுனாக?”

அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். “அது வெளங்கலீங்க,” என்றார்.

பயிற்சிக்காரர் நெடுநேரம் எழுதினார். பிறகு நோட்டை மூடிவிட்டுச் சொன்னார்: “ஆள கைக்கெட்டாத தூரம் போக விட்டீக. அதுக்கு மார்க்கு கொறச்சிருக்கேன். நின்ன மூச்ச மறுபடி ஓட விட்டீக. அது நான் சொல்லிக் குடுக்காதது. கடலுக்குப் போகலாம்.”

அணைக்கரையில் சட்டை காயும்வரை உட்கார்ந்திருந்தபோது தீயணைப்புக்காரரிடம் கேட்டேன், சுவரை விட்டு ஏன் கிணற்றுக்குள் இறங்கினீர்கள் என்று.

“நீங்க முன்னால போறீங்கன்னு நெனச்சனுங்க. உள்ள மூச்சுச் சத்தம் கேட்டுது. இழுக்கறதும் உடறதும். நல்லாக் கேட்டுதுங்க.”

“நான் உங்களுக்குப் பின்னால இருந்தேன்.”

“அது கால நீங்க புடிச்சப்பத்தானுங்க தெரிஞ்சுது. அதனாலதான் ஒதறினேன்.”

கிணற்றுக்குள் சத்தம் சுவரில் பட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். அது கிணற்றில் வளர்ந்த எனக்குத் தெரியாததல்ல. பயிற்சிக்காரரும் அதையேதான் சொன்னார். நானும் அதையே நம்புகிறேன். ஆனாலும் அந்தக் கிணற்றில் நான் அவர் காலைப் பிடித்த பிறகு, அவர் வாயில் குழாய் இல்லை. என்னுடையதை அவருக்குக் கொடுக்க எடுத்திருந்தேன். அந்தச் சிறிது நேரம் எங்கள் இருவரில் ஒருவரும் மூச்சை இழுக்கவில்லை. அப்போது அங்கே அமைதியாக இருந்ததா இல்லையா என்று யாராவது கேட்டால், எனக்கு நினைவில்லை என்றுதான் சொல்வேன்.

தலைமை ஆசிரியை விடுப்புக் கடிதத்தை இரண்டுமுறை படித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, “உனக்கு வேற ஆசையே வராதா?” என்று கேட்டார். வீட்டில் சொல்வதற்கு முன்பே ரயில் டிக்கெட் வாங்கிவிட்டேன். அம்மா ஜெபமாலையைப் பெட்டிக்குள் போட்டாள். அதற்கு அடியில் காக்கிச் சட்டை இருந்தது. இந்தமுறை அவளே மடித்து வைத்திருந்தாள்.

நான் இதை எழுதுவது ஒரு கடற்கரை ஊரில், மீன்வலைகள் காயும் ஒரு தெருவில், ஒரு வாடகை அறையில். சென்னையில் கரையில் நின்று பார்த்ததோடு சரி, கடலுக்குள் இதற்கு முன் இறங்கியதில்லை. இங்கே தண்ணீருக்கு அடியில் எல்லாம் தெரிகிறது. முதல்நாள் இறங்கியபோது கீழே மணலில் ஓர் ஆள் என்னோடு கூடவே வருவதைப் பார்த்து உடம்பு சில்லிட்டுவிட்டது. என் நிழல்தான் என்று தெரிய வெகுநேரம் ஆனது. கரையில் உள்ள கரும்பலகையில் பயிற்சியாளர்கள் என்ற பத்தியில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே மூன்று பேர் பெயர், மூவரும் பெண்கள். இன்று காலை முதல் ஆளைக் கூட்டிப்போய் மேலே கொண்டுவந்து கரையில் உட்காரவைத்தாயிற்று. இரண்டாவது பெண் வாசலில் நிற்கிறாள். நீருக்குள் போட்டுக்கொள்ளும் முகக்கண்ணாடியைத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.